இழுக்காத கோடு

வருடத்துக்கு ஒரு முறை அந்த மின்னஞ்சல் தவறாமல் வந்துவிடும். ‘உங்களுக்காகப் புதிய வசதிகள்’ என்று தலைப்பு. நான் கேட்டேனா? மரவேலைப் பட்டறை ஒன்றில் கணினியில் வரைபடம் போடுவது என் வேலை. கதவு, நிலைச்சட்டம், அலமாரி, மேஜை. இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரே மென்பொருளோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும், கை பழகிப்போன பட்டன் எதையாவது கண்காணாத இடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, கனவில்கூடக் கேட்காத பத்து விஷயங்களைத் தலையில் கட்டுவார்கள். அதையெல்லாம் தேடிப் பழகுவதற்குள் அடுத்த வருடம் வந்துவிடும்.

இந்த வருடம் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வசதிகள் அவரைப் பிடித்து ஆட்டின. ஒன்று, வரைந்ததைப் புகைப்படம் போலவே காட்டுவது. நிற்பதற்கும் நடப்பதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் அதில் ரெடிமேட் மனிதர்கள்கூட உண்டு. இன்னொன்று, வரைபடத்தை அச்சடித்துக் கையில் கொடுக்காமல் நேராக வெட்டும் இயந்திரத்துக்கே அனுப்பிவிடுவது.

“இனிமே பேப்பரே வேணாம்மா. நீங்க இங்க பட்டனை அமுக்குனா அங்க மரம் அறுந்து விழும்” என்றார்.

“விழட்டும் சார்” என்றேன்.

எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்தச் சமயத்தில் என் இடுப்பு வலிதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

என் அக்கா நகரப் பேருந்து ஓட்டியவள். இரண்டு வருடத்துக்கு முன் முதுகுத்தண்டில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்து, இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யாமல் போய்விட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுடைய சக்கர நாற்காலி வீடு முழுக்கப் போகும், குளியலறைக்குள் மட்டும் போகாது. வாசல் குறுகல். ஒவ்வொரு தடவையும் நாற்காலியை வாசலில் நிறுத்தி, அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நாலு எட்டு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. நாற்காலி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் கதவைச் சாத்தவும் முடியாது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி. உள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு, நான் பாட்டுக்கு உட்காரணும். நீ அங்க நிக்கிறேன்னு நினைச்சாலே எனக்கு வர்றது நின்னு போகுது” என்பாள் அக்கா.

“எனக்கு மட்டும் நிக்கணும்னு வேண்டுதலா?” என்பேன்.

சில நாள் இதற்குச் சிரிப்போம். சில நாள் சிரிப்பு வராது. மத்தியானம் அவள் போன் செய்வாள். “வர்றியா?” என்று ஒரே ஒரு வார்த்தை. எதற்கு என்று சொல்ல மாட்டாள். பட்டறையிலிருந்து வீடு இரண்டு தெரு. ஓடிப்போய்த் தூக்கி, இறக்கி, திரும்பவும் தூக்கி, நாற்காலியில் வைத்துவிட்டு ஓடி வருவேன். ஐம்பது வயதில் எத்தனை நாளைக்கு?

அவளுடைய கைகளில் இன்னும் ஸ்டியரிங் பிடித்த பலம் இருக்கிறது. நாற்காலி உள்ளே போய்விட்டால் போதும், சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து அவளே மாறி உட்கார்ந்துகொள்வாள். அதனால் வாசலை அகலப்படுத்துவது என்று முடிவு செய்தோம். முதலாளி இதைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வேறு ஒரு ஆசையும் இருந்தது. அந்த மென்பொருள் நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் ‘பயனர்களின் படைப்புகள்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறது. யாரோ வடிவமைத்த பாலம், யாரோ செய்த படகு, யாரோ வீட்டு மாடியில் நிறுத்திய தொலைநோக்கித் தாங்கி. அதில் நம் பட்டறையின் பெயரும் ஒரு தடவை வந்துவிட வேண்டும் என்று அவருக்குப் பல வருட ஏக்கம்.

“கதவும் நிலையும் நம்ம பட்டறை செலவு. புது வசதியில வரைஞ்சு, புது வசதியில வெட்டி, அக்கா அதுல போற மாதிரி ஒரு படம். யாரு வேணாம்னு சொல்லுவாங்க?”

நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு குட்டை உடைக்க வேண்டும். புதுக் கதவுக்கு யாரும் வெறும் திரையில் ஆரம்பிக்க மாட்டோம். பழைய கதவு ஒன்றின் வரைபடத்தை நகல் எடுத்து அளவை மாற்றுவோம். முறைப்படி செய்வதென்றால் கோட்டைப் பிடித்து இழுத்து அகலமாக்க வேண்டும். அதை இழுத்தால் கீல், பூட்டுத் துளை, மேல் சட்டம் எல்லாம் இடம் மாறும், ஒவ்வொன்றையும் போய்ச் சரிசெய்ய வேண்டும். ஒரு மணி நேர வேலை. குறுக்கு வழியும் உண்டு. கோட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் எழுதியிருக்கிற எண்ணை மட்டும் அழித்து வேறு எண்ணைத் தட்டிவிடுவது. காகிதத்தில் மரம் அறுக்கும் மேஸ்திரி படிப்பது எண்ணைத்தான். கோட்டின் மேல் அளவுகோலை வைத்து யார் பார்க்கிறார்கள்? இதைச் செய்யாத ஒரு வரைபடக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம், அவ்வளவுதான்.

நாற்காலியின் அகலம் அறுநூற்று எண்பது மில்லிமீட்டர். நிலைச்சட்டம் வெளி அளவு எண்ணூற்று அறுபது இருந்தால், இரண்டு பக்க மரம் போக அக்காவின் கைகளுக்கும் இடம் கிடைக்கும். யாருக்கோ போட்ட எழுநூற்று அறுபது வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இது அக்காவுக்கு, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோட்டின் மேல் கையை வைத்தும் ஆகிவிட்டது. போன் அடித்தது.

“வர்றியா?”

எண்ணை மட்டும் 860 என்று தட்டினேன். வந்து இழுத்துக்கொள்ளலாம் என்று ஓடினேன். திரும்பி வந்தபோது மேஜையில் வேறு நாலு வேலை காத்துக்கொண்டிருந்தது. கோடு அப்படியே நின்றுவிட்டது. சுவரை உடைக்கப்போகும் கொத்தனார் வரைபடம் கேட்டார், ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். இயந்திரத்துக்கு அனுப்பும் பட்டனையும் அமுக்கினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி கேட்டார் என்று அந்தப் புகைப்படம் போன்ற படத்தையும் போட்டேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிற ரெடிமேட் பெண் ஒருத்தியை எடுத்து, நாற்காலிக்குச் சரியான அளவைக் கொடுத்து, வாசலில் நிறுத்தினேன். இரண்டு சக்கரமும் இரண்டு பக்கமும் மரத்துக்குள் லேசாகப் புதைந்து தெரிந்தன. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். புது வசதி என்றால் முதல் வருடம் இப்படித்தான் உளறும் என்று நினைத்து, நாற்காலியை ஒரு பொட்டு சுருக்கினேன். படம் அழகாக வந்தது.

நிலை பொருத்துகிற அன்று காலையில் அக்கா குளித்துத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாளே கொத்தனார் சுவரை உடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார், ஆனாலும் பழக்கத்தில் அன்றும் நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்திருந்தேன். மேஸ்திரி ஓர் ஆளோடு நிலைச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே போனைக் கையில் பிடித்தபடி முதலாளி.

சட்டத்தைச் சுவரின் இடைவெளியில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் என் கை நுழையும் அளவுக்குச் சந்து விழுந்தது.

“கொத்தனாரு ஆவேசமா உடைச்சிட்டாரு போல” என்றார் மேஸ்திரி.

“போகாது” என்றாள் அக்கா. அவள் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தாள்.

“இன்னும் நிக்க வெச்சே முடியலையேம்மா.”

“போகாதுங்க. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். எந்தச் சந்துல போகும், எதுல போகாதுன்னு எனக்குத் தெரியாதா?”

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆப்பு வைத்து இறுக்கினார்கள். முதலாளி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வாங்கம்மா, சிரிச்ச மாதிரி வாங்க” என்றார். அக்கா வந்தாள். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் மரத்தில் இடித்து நின்றன. பின்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வந்தாள். மறுபடி இடித்தது. குறைந்தது ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். மூன்றாவது தடவையும் வந்து பார்த்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முதலாளி டேப்பை எடுத்து அளந்தார். எழுநூற்று அறுபது. கொத்தனார் விட்டுப்போன தாளைப் பார்த்தார். எண்ணூற்று அறுபது.

“என்ன மேஸ்திரி இது? மெஷின்ல என்னத்தைப் போட்டீங்க?”

மேஸ்திரிக்கு முகம் செத்துப்போனது. அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்தே அவருக்கு அதன் மேல் பயம்.

“வந்ததைத்தான் சார் போட்டேன்” என்றவர், “எதையாவது மாத்தி அமுக்கிட்டேனோ என்னமோ. மன்னிச்சுக்கோங்கம்மா” என்று அக்காவைப் பார்த்துக் கையெடுத்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கோடு கண் முன்னால் வந்து நின்றது. எண் காகிதத்தோடு கொத்தனாரிடம் போயிருக்கிறது, கோடு இயந்திரத்துக்குப் போயிருக்கிறது. இயந்திரம் எண்ணைப் படிக்காது, கோட்டின் அளவுக்கே வெட்டும். நான் சும்மா இருந்தால் போதும். பட்டறைக்குப் போய்க் கோட்டை இழுத்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. வாயைத் திறக்க எனக்கு ஒரு முழு நிமிடம் ஆனது. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“அவர் இல்ல சார். நான்தான்” என்றேன். “கோட்டை இழுக்கல. எண்ணை மட்டும் மாத்திட்டேன்.”

முதலாளிக்கு உடனே புரிந்தது. அவரும் ஒரு காலத்தில் வரைந்தவர்தான். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

“சொந்த அக்காவுக்கேவாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பாமலே ஆப்புகளைத் தட்டி எடுத்தார். அதே மரம் வந்து, மறுபடி வெட்டி, எண்ணெய் பூசிக் காய்ந்து வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். முதலாளி மட்டும் வீட்டு வாசலில் நின்றார்.

“அந்தக் கம்ப்யூட்டர் படத்தைப் போன வாரமே அனுப்பிட்டேன். கம்பெனிக்காரங்க அவங்க பக்கத்துலயும் போட்டுட்டாங்க” என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

அவரும் இறங்கிப் போனார். குளியலறை வாசல் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. செங்கல் தெரிந்தது, கதவு இல்லை. நான் துடைப்பத்தை எடுத்துத் தூசியைக் கூட்ட ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

“ஏன்டி இழுக்கல?”

“அவசரம்.”

“என்ன அவசரம்?”

“வேலைதான்க்கா. மறந்துட்டேன்.”

எந்தப் போன் வந்து நான் எழுந்து ஓடினேன் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால், அடுத்த தடவை போன் பண்ணலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு அடக்கிக்கொள்வாள்.

“இன்னும் பன்னெண்டு நாள்” என்றாள்.

“ஆமாக்கா.”

“உன் இடுப்பு தாங்குமா?”

துடைப்பத்தோடு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் விட அலுப்பாக இருந்தது.

அக்கா அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் இருந்தபோதும் அவளுக்கு அந்தப் பார்வை உண்டு, ஒரு கண்ணை லேசாகச் சுருக்கி. பிறகு சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினாள். செங்கல் தூள் நறநறக்க நாற்காலி உள்ளே போனது. எங்கேயும் இடிக்கவில்லை. கொத்தனார் எண்ணைப் படித்து உடைத்தவர். அவருடைய வாசல் சரியாகத்தான் இருந்தது.

உள்ளே ஒரு வட்டம் சுற்றித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“போ” என்றாள்.

“எங்க?”

“வெளிய. இதுக்குத்தான் கதவு இல்லல்ல? வாசக்கதவைச் சாத்திட்டுப் போ.”

எழுந்து வெளியே போய் வீட்டு வாசல் கதவை இழுத்துச் சாத்தினேன். ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன், சாத்தித்தான் இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். கைகள் இரண்டும் சும்மா மடியில் கிடந்தன. இரண்டு வருடமாக இந்த நேரத்தில் அவை அக்காவின் அக்குளில்தான் இருந்திருக்கின்றன. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. விழுந்திருப்பாளோ? கம்பி கைக்கு எட்டியிருக்குமா? ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று.

போன் அடித்தது. அக்கா. காதில் வைப்பதற்கு முன்பே பழக்கத்தில் எழுந்து, கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன்.

“வராத” என்றாள். “எல்லாம் ஆச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கப் போறேன்.”