போகிறோம் என்று எழுதிய கடிதம்

கடைசி நாள்தான் சரியான நாள் என்று அவள் மனதில் பதிந்து போயிருந்தது. வீட்டு ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முடியும். முடிவதற்கு அறுபது நாள் முன்னால், தொடர்ந்து இருக்கிறோமா, காலி செய்கிறோமா என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு தடவையும் கெடு முடிகிற அன்றைக்குத்தான் கடிதத்தைக் கொண்டுபோவார். "முன்னாடியே கொடுத்தா, இவங்களுக்கு வேற போக்கிடம் இல்லைன்னு நினைச்சுடுவாங்க," என்பார்.

அவர் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் கெடு அவளுக்கு மறக்கவில்லை. சட்டைக் கம்பெனியில் பொத்தான் செக்கிங்கில் இருப்பவள்; சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தொடர்ந்து இருக்கிறேன் என்று தன் கையாலேயே எழுதிய நாலு வரியை எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டீச்சரம்மா.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்ததையே மறுபடி படித்தார்.

"என்னம்மா இது? காலி பண்றதாத்தானே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"நானா? நான் எங்க டீச்சரம்மா கொடுத்தேன்? இப்பத்தான் முதல் தடவையா வர்றேன்."

"நீங்க வரலை. அவர் வந்தார். தவறிப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

"அவரு கெடு நாளுக்கு முன்னாடி எதையும் கொடுக்க மாட்டாரே. வேற யாரோ குடித்தனக்காரங்களோட உங்களுக்குக் குழம்பிப் போச்சு."

டீச்சரம்மா உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்து விரித்து வைத்தார். நீல மை. லிஃப்ட் ரிஜிஸ்டரில் எழுதுகிற அதே கட்டம் கட்டமான எழுத்து. 'என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகமாக இருப்பதால், ஒப்பந்தம் முடியும் நாளில் மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்கிறோம்.' கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் அவளுடையது.

அவளுடையதேதான். ஒரு சட்டை தன்னைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துப் பார்ப்பவள், புருஷன் நீட்டுகிற காகிதத்தை மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை. அடுப்பில் ஒரு கண், அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு கையெழுத்து. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். "சொத்தை எழுதி வாங்கிடப் போறேன், படிச்சுப் பாருடி," என்று கேலி செய்வார். "இருந்தாத்தானே எழுதி வாங்க," என்பாள்.

"வீட்டை மாத்துங்கன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"தினம் சொல்லுவீங்களாமே. லிஃப்ட்காரன் பொண்டாட்டி மூணு மாடி ஏறிச் சாகணும்னு தலையெழுத்தான்னு."

"அது சும்மா சொல்றது டீச்சரம்மா. மேல வந்து சேர்ந்ததும் ஏதாவது சொல்லணுமில்ல. அதைக் கேட்டா அவர் சிரிப்பார். அதுக்காகச் சொல்றது."

"சிரிச்சுட்டுத்தான் இதை எழுதியிருக்கார்." டீச்சரம்மாவின் குரல் இறங்கியது. "பின் தெருவுல, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல, தரைத் தளத்துல ஒரு வீடு பேசி வச்சிருக்கேன்னார். சாவியை அவ கையில கொடுத்துட்டுத்தான் சொல்லுவேன், அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னார். அப்புறம் இப்படி ஆயிடுச்சு. துக்கம் கேட்க வந்த இடத்துல வீட்டைப் பத்தியா பேச முடியும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

"அதைக் கிழிச்சுடுங்க. இதை வச்சுக்கங்க. கெடு இன்னைக்குத்தானே?"

"போன வெள்ளிக்கிழமை வந்திருந்தா உங்க கண்ணு முன்னாடியே கிழிச்சிருப்பேன்மா. சனிக்கிழமை வேற ஆளோட கையெழுத்து ஆயிடுச்சு. கைக்குழந்தைக்காரங்க. இப்ப இருக்கற வீட்டுக்கு அவங்களும் நோட்டீஸ் கொடுத்தாச்சு. அவங்களை நான் எங்க போகச் சொல்ல?"

போன வெள்ளிக்கிழமை இந்தக் கடிதம் எழுதி முடித்து அலமாரியில்தான் இருந்தது. கெடு நாள் வரட்டும், அவர் செய்கிற மாதிரியே செய்வோம் என்று வைத்திருந்தாள்.

"அவர் சட்டை இன்னும் கதவுக் கொக்கியிலதான் தொங்குது," என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி ஒருத்தி இருக்கான்னீங்களே."

"இருக்கா. அவ வீட்டுல அவங்களே ஒருத்தரை ஒருத்தர் தாண்டித்தான் நடக்கறாங்க."

"நானும் நாலு இடத்துல சொல்லி வைக்கிறேன்மா."

"சொல்லுங்க." எழுந்து செருப்பைத் தேடினாள். "அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா."

வீட்டுக்குத் திரும்பாமல் கால் பின் தெருவுக்குப் போனது. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்திருந்தார்கள். ஜன்னலில் திரை, கொடியில் துணி. வாசலில் இரண்டே படி. படியோரச் சுவரில் ஒரு எஃகுக் கைப்பிடி, லிஃப்ட்டுக்குள் இருக்குமே அந்த மாதிரி, முனை மழுக்கி, பளபளவென்று.

அவர் இருந்தபோது ஒரு சாயங்காலம் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, தரையிலிருந்து அவள் முழங்கை வரைக்கும் அளந்தார்.

"என்ன, எனக்குன்னு தனியா லிஃப்ட் பண்றீங்களா?"

"ஆமா. வாயை மூடிட்டு நில்லு, அளவு தப்பிடும்."

இப்போது கையை நீட்டினாள். குனியவும் வேண்டியதில்லை, எட்டவும் வேண்டியதில்லை. கை தானாகப் போய் உட்கார்ந்தது. பொத்தானை இழுப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"யாருங்க?" உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக்கையோடு வந்தாள்.

"சும்மா. கெட்டியா இருக்கான்னு பார்த்தேன்."

"கெட்டிக்கு என்ன குறைச்சல். எங்களுக்கு முன்னாடி இங்க வர்றதா இருந்தவர் மாட்டினதாம். வீட்டு ஓனர்கிட்ட கெஞ்சிக் கேட்டு, அவரே வந்து மாட்டிட்டுப் போனாராம். அப்புறம் கையெழுத்துப் போட ஆளையே காணோமாம்." அவள் சிரித்தாள். "பொண்டாட்டி வேணாம்னு சொல்லியிருப்பா."

"இருக்கும்," என்றாள்.

"எங்க மாமியாருக்கு உயரம் சரிப்படலை. கழட்டிடலாம்னு இருக்கோம்."

"கழட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்றீங்களா? நான் வந்து எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்கங்க அக்கா. பழைய இரும்புக் கடைக்குத்தான் போகப்போகுது. எங்க வந்து சொல்லணும்? உங்க வீடு எது?"

முன் தெரு, மூன்றாம் மாடி என்று வாய் வரைக்கும் வந்தது.

"எப்ப கழட்டுவீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கணும். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

அவள் கை இன்னும் கைப்பிடியின் மேலேயே இருந்தது.

"அப்போ நீங்க வர வேண்டாம்மா," என்றாள். "நானே அப்பப்ப வந்து பார்த்துக்கறேன்."