வெறுங்கைக்குக் கேங்வே கிடையாது

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே எனக்குச் சூடு பட்டது. சமையலறையிலிருந்து முன்னறைக்குப் போகிற நடைவழியில் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ "கேங்வே!" என்று கத்தினார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பினேன். திரும்பியதுதான் தப்பு. மாமனார் கையில் கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரம். வெந்நீர் தளும்பி என் முழங்கையில் சுளீரென்று விழுந்தது.

"கேங்வேன்னா சுவரோட ஒட்டிக்கணும்மா. திரும்பிப் பார்க்கக் கூடாது" என்றார் மாமா. ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், மனுஷர் பாடம் நடத்துகிறார்! எனக்கு வந்ததே கோபம். புது மருமகள் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அந்த நடைவழி இருக்கிறதே, அதைக் கட்டிய மகராசன் ஒல்லியாக இருந்திருக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். பின்கோடியில் சமையலறை, அதை ஒட்டி மாமாவின் அறையும் குளியலறையும். முன்கோடியில் நாங்கள் சாப்பிடுகிற, பேசுகிற, சண்டை போடுகிற முன்னறை. சோறும் தண்ணீரும் துவைத்த துணியும் அந்தச் சந்து வழியாகத்தான் வந்தாக வேண்டும். எதையாவது தூக்கி வருகிறவர் "கேங்வே!" என்று ஒரு சத்தம் போடுவார். வழியில் இருப்பவர் பல்லிபோல் சுவரில் ஒட்டிக்கொள்வார். வீட்டுச் சட்டம் அது.

எனக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. ஒன்று புரியவில்லை என்றால் தூக்கம் வராது. பள்ளியில் கணக்கு டீச்சர். விடை தெரிந்தால் போதாது, வழியும் தெரிய வேண்டும். முதலில் என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஒதுங்குன்னு அர்த்தம்."

"எந்த மொழியில?"

"எங்க வீட்டு மொழியில. ஆளை விடு."

கொழுந்தன் அது அப்பாவுடைய பழைய கேப்டன் பேர் என்று அடித்துச் சொன்னான். அவன் எதைத்தான் அடித்துச் சொல்ல மாட்டான்! அத்தையைக் கேட்டேன். "அது உங்க மாமா போடற சத்தம்மா. கழுத்தை நீட்டின நாள்லேருந்து ஒதுங்கிக்கிட்டிருக்கேன். அர்த்தம் கேக்க எங்க நேரம்?" என்றார்.

அகராதியைப் பிரித்தேன். ஆங்கில வார்த்தைதான். ஆள் நடந்து போகிற வழி என்று போட்டிருந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடுகிற பாலம் என்றும் போட்டிருந்தது. சில ஊர்களில் தியேட்டரில் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே விடுகிற சந்துக்கும் அதே பெயராம். வழி விடச் சொல்லிக் கத்துவதற்கும் அதுவேதானாம். பாலம் எப்படிக் கூச்சலாக மாறியது? நேரே மாமாவிடமே போனேன்.

மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"ஒத்தையடிப் பாதை மாதிரி ஒரு பாலம்மா. ரெண்டு பக்கமும் கயிறு, கீழே தண்ணி. அதுல நின்னு பேசக் கூடாது, வேடிக்கை பார்க்கக் கூடாது. எங்க கப்பல்ல ஒரு சட்டம். கையில சுமையோட வர்றவனுக்குத்தான் முதல் வழி. அவன் கேங்வேன்னா எல்லாரும் ஒதுங்கணும். நான் அரிசி மூட்டையோட ஏறினா கேப்டனே ஒதுங்கி நிப்பாரு, தெரியுமா?"

"சுமை இல்லைன்னா?"

"வெறுங்கையை வீசிக்கிட்டு வர்றவனுக்கு ஏதும்மா கேங்வே? அவன்தான் ஒதுங்கணும்."

அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு நானும் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தப் பழகிக்கொண்டேன்.

போன வருஷம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நான்கு கால் வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்துபோனாள். சிரித்த முகம், ஆனால் பேச்சு கறார். "தினம் முன்னறை வரைக்கும் நடக்கணும். இப்ப விட்டீங்கன்னா அப்புறம் கட்டிலே கதின்னு ஆயிடும். நான் பயமுறுத்தலை, பார்த்திருக்கேன்" என்றாள்.

அவள் இருக்கும்போது நடப்பார். அவள் போனால் கட்டில். குளியலறை பக்கத்திலேயே இருந்தது, சாப்பாடு அறைக்கே போனது, அவருக்கு என்ன கவலை? என் வீட்டுக்காரர் கெஞ்சினார், கத்தினார். "சோம்பேறித்தனம், வேறென்ன?" என்று வாயை விட்டார். அத்தை முன்னறையில் ரவிக்கைக்கு ஊக்கு தைத்தபடி மூக்கை உறிஞ்சினார். "ஒரு இடத்துல உக்காராத மனுஷன்டி" என்றார் என்னிடம். கால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

சோம்பேறியா? விடியுமுன் எழுந்து எங்களுக்கெல்லாம் வெந்நீர் போட்ட மனுஷரா? என் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு விடுமுறை நாளில் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் மாமாவின் அறைவாசல் தெரியும்.

சிறிது நேரத்தில் வாக்கரின் டொக் டொக் கேட்டது. யாரும் சொல்லாமலே எழுந்து வருகிறார்! மூச்சுவிடாமல் பார்த்தேன். வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தார். "கேங்வே!" என்று சோற்றுப் பானையோடு வந்தார் என் வீட்டுக்காரர். மாமா சட்டென்று பின்வாங்கிக் கதவோரம் நின்றார். பானை போனது. மறுபடி எட்டி வைத்தார். "கேங்வேய்!" துணிக்கூடையோடு கொழுந்தன். மறுபடி பின்னால் போனார். அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது மாமா திரும்பிக் கட்டிலுக்கே போய்விட்டார்.

அடப்பாவிகளா! அவரை நடக்கச் சொல்லி உயிரை எடுப்பதும் நாங்கள்தான், வழிவிடாமல் விரட்டுவதும் நாங்கள்தான். நானே எத்தனை முறை கத்தியிருப்பேன்! உள்ளே போய், "இனிமே நீங்க நடக்கறப்போ நாங்க எல்லாரும் ஒதுங்கிக்கறோம் மாமா" என்றேன்.

"எதுக்கும்மா? வெறுங்கையோட போறவனுக்கா?" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குத்தான் அப்போது கணக்கு விளங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக நாங்கள் பிடுங்கிவைத்திருந்தோம். டம்ளரைக்கூடத் தூக்கவிடவில்லை. எல்லாம் பாசம்தான், என்ன பிரயோசனம்?

சாயங்காலம் ஒரு தூக்குப் பாத்திரத்தை வாக்கரின் முன்கம்பியில் மாட்டினேன். "அத்தைக்கு டீ கொண்டுபோய்க் குடுங்க மாமா."

மாமா மூடியைத் திறந்து பார்த்தார். "காலியா இருக்கே. யாரை ஏமாத்தறே?"

மாட்டிக்கொண்டேன். சமையல்காரரிடமா இந்த வேலை? டீயைச் சுடச்சுட ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, மறுபடி மாட்டினேன். "இவ்வளவு சூடாவா?" என்றார் பின்னாலிருந்த என் வீட்டுக்காரர். "நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றேன்.

மாமா எழுந்தார். நாங்கள் இருவரும் நடைவழிக்கு நகர்ந்தோம். வாசற்படியில் வந்து நின்றார் மாமா. எதிரே கொழுந்தன் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தான். மாமா பின்வாங்கவில்லை.

"கேங்வே."

குரல் கம்மியாகத்தான் வந்தது. ஆனால் கொழுந்தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டினான். என் வீட்டுக்காரர் ஒட்டினார். நானும் சுவரைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டேன். டொக், டொக். நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. டொக். என் முதுகை உரசிக்கொண்டு வாக்கர் போனது.

முன்னறையில் மூடி திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம். அத்தை நாற்காலியைவிட்டு எழுந்து, சுவரில் ஒட்டியபடியே நின்றிருந்தார். மாமா மூடியில் டீயை ஊற்றி நீட்டினார். அத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சு" என்றார்.

"தெரியும்" என்றார் மாமா, மூச்சு வாங்க. "நாளைக்குச் சூடா கொண்டு வரேன்."