வயிற்று வலிக்கு நல்ல நேரம்

வயிறு என் வீட்டுக்காரருடையது. அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவருடைய அண்ணன் பக்கிரிசாமிக்கு. தம்பியை மலாயாவுக்குக் கப்பலேற்றி, பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் சேர்த்துவிட்டவர் அல்லவா!

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததுமே இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கிரிசாமி மாமா தொட்டுப் பார்த்து, "வாயுதான்" என்று தீர்ப்புச் சொல்லி விளக்கெண்ணெய் புகட்டினார். அது வாந்தியாக வெளியே வந்ததும், "பாத்தியா, வேலை செய்யுது!" என்று பூரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"ராகு காலம் முடியட்டும். வெள்ளக்காரன் கத்தி எங்க ஓடிடப் போவுது?"

ராகு காலம் முடிந்தது. மாமா குளித்து, விபூதி பூசி, பசியாறி வருவதற்குள் எமகண்டம் பிறந்துவிட்டது. எமனுக்கு இவ்வளவு ஒழுங்காக நேரம் ஒதுக்கிக் கொடுத்த குடும்பம் இந்த மலாயாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். இவருக்குக் கைகால் சில்லிட்டது. நான் தெருவுக்கு ஓடி ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்ததும், டாக்டருக்கு உதவியாளரான டிரஸ்ஸர் ராதாகிருஷ்ணன் வெளியே வந்தார்.

"இரைப்பையில ஓட்டை விழுந்திருச்சும்மா. தைச்சாச்சு. ஆனா சுருட்டு, கள்ளு, வத்தின உடம்பு, எல்லாத்துக்கும் மேல இவ்வளவு தாமதம். பொழைக்கிறது கஷ்டம்னு அறுவை செஞ்ச துரை சொல்றார். வாயில சொட்டுத் தண்ணி படக்கூடாது."

துரையின் காரணங்களில் மாமாவின் பெயர் விட்டுப்போயிருந்தது.

அதைச் சரிசெய்யத்தானோ என்னவோ, மறுநாள் மாமா சோடா புட்டியோடு வந்து நின்றார். இவரும் தண்ணீர் தண்ணீர் என்று அழுதுகொண்டிருந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தாகத்துலயே என் தம்பியக் கொல்லப் பாக்குறியா?"

"புட்டியோட கிட்ட வந்த, மண்டைய ஒடைச்சிருவேன்! போய்யா வெளிய!"

மாமா என்று கூப்பிடும் மனிதரை வார்டே கேட்க 'போய்யா' என்றேன். அவர் போனார். இவருக்குக் காய்ச்சல் ஏறி இறங்கும்வரை கட்டிலருகே காவல் இருந்தேன்.

பிழைத்துவிட்டார் என்று துரையே சொன்ன அன்று, இவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஆசையாகக் குனிந்தேன்.

"அண்ணன மரியாதையில்லாம பேசினியாமே? போய் கால்ல விழு."

அழுதுவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நர்ஸம்மா முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. சண்டை போட எனக்கு ஒரு புருஷன் மிஞ்சியிருந்தார்.