வக்கீல் வீட்டுக் கெண்டை

வாய்தா வாங்கிக்கொண்டு மத்தியானமே வீடு திரும்பிய வக்கீல் விஸ்வேஸ்வரன், நடையில் செருப்பைக் கழற்றும்போது, கூடத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டார். விருந்தாளி போலிருக்கிறது என்று அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். குரல் பாலாம்பாளுடையது என்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மனைவியின் குரலை அவர் அவ்வளவு நீளத்துக்குக் கேட்டதில்லை.

ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண்டாட்டி என்பது வக்கீல்கள் அறையில் அவர் அடித்துக்கொள்ளும் பெருமைகளில் ஒன்று. 'சரி', 'ஆச்சு', 'இலை போடட்டுமா' என்பதோடு சரி. பேசுவதெல்லாம் அவர்தான். ரசத்தில் உப்புக் குறைந்ததைக்கூட மூன்று தலைப்புகளாகப் பிரித்துத்தான் பேசுவார்.

அந்தப் பாலாம்பாள் இப்போது கண்ணாடித் தொட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கெண்டை மீனிடம் எதிர்வீட்டு ஸ்யாமளாவின் புது வளையலைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவே தொண்டையைக் கனைத்து, கட்டைக் குரலில், "முதலாவதாக... இரண்டாவதாக..." என்றாள். மீன் வாயைத் திறந்து மூடியது. அவள் குலுங்கிச் சிரித்தாள். அது யாருடைய கனைப்பு என்று புரிந்ததும் விஸ்வேஸ்வரனுக்குக் காது சுட்டது.

தொட்டியை வாங்கியவர் அவரேதான். ஜட்ஜ் துரை பங்களாவில் சீமை மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, ராவ் பகதூர் பட்டத்துக்கு அதுவும் ஒரு படி என்று தீர்மானித்தார். சீமை மீனின் விலையைக் கேட்ட பிறகு, வைகை மீனே உசத்தி என்று கண்டுபிடித்தார். செல்லூர் மொக்கையன் ஆற்று மடுவில் துண்டு போட்டு அரித்து, சின்னச் சின்னக் கெண்டைகளாகக் கொண்டுவந்தான். "குழம்புக்கு இம்புட்டுப் பத்தாதே சாமி" என்று வருத்தப்பட்டான். வளர்க்கத்தான் என்றதும், "அதுஞ் சரிதான், பெருசாகட்டும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

பெரிய மனிதர்கள் வந்து பார்த்துப் போனதோடு அவர் தொட்டியை மறந்துவிட்டார். பாலாம்பாள் மறக்கவில்லை. வால் கிழிந்த ஒரு கெண்டை, அவள் வளையல் சத்தம் கேட்டாலே கண்ணாடியோரம் வந்து நிற்கும்.

அன்றிலிருந்து விஸ்வேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷன் மேல் பொறாமை என்றால் வழக்காவது போடலாம். இங்கே பிரதிவாதிக்குக் கண்ணிமைகூடக் கிடையாது. ஆளில்லாத நேரத்தில் அவரும் தொட்டிமுன் குனிந்து கனைத்துப் பார்த்தார். கெண்டை திரும்பி வாலைக் காட்டியது. கோர்ட்டிலிருந்து வந்ததும், 'வந்துட்டேளா' என்று ஒரு வார்த்தை வருமா என்று நடையிலேயே நின்று பார்ப்பார். "வந்துட்டியாடி?" என்று உள்ளிருந்து கேட்கும். அது கெண்டைக்கு.

தை மாதத்தில் அவருக்கு ஜீவகாருண்யம் பிறந்தது. நண்பர்களைக் கூட்டி, சிம்மக்கல் பக்கத்துப் படித்துறையில் பிரசங்கம் செய்தார். சுதந்திரம் என்ற வார்த்தையை மனிதர்களுக்காக அவர் ஜட்ஜ் துரை காதுபட உச்சரித்ததில்லை. மீன்களுக்குத் தாராளமாக வழங்கினார். தொட்டி மீன்களைக் கொண்டுவந்திருந்த அண்டாவை ஆற்றில் கவிழ்த்தார். நண்பர்கள் கைதட்டினார்கள். பாலாம்பாள் "சரி" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு கிண்ணத்தில் சோற்றை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போக ஆரம்பித்தாள். போனால் வெயில் ஏறித்தான் திரும்புவாள். தொட்டி இருந்தவரை அவள் பேச்சு சுவருக்கு இந்தப் பக்கமாவது கேட்டது. இப்போது அதற்கும் வழியில்லை.

பங்குனியில் ஆறு வற்றத் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்கள் மழை வேண்டி வருணஜபம் வைத்தார்கள். முறைப்படி கழுத்தளவுத் தண்ணீரில் நிற்க வழியில்லாததால் மணலில் உட்கார்ந்தே ஜபித்தார்கள். விஸ்வேஸ்வரன் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். மனசுக்குள் மட்டும் வருணனுக்கு அவர் போட்ட விண்ணப்பம் வேறு.

விண்ணப்பம் பலித்தது. படித்துறைக்குக் கீழே முழங்கால் அளவு மடு ஒன்றுதான் மிச்சம் என்றான அன்று, அவர் செருப்பைக் கழற்றும்போது பாலாம்பாள் நடையிலேயே நின்றிருந்தாள்.

"வந்துட்டேளா" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"மடு வத்திண்டே வரது. செல்லூர்க்காரா துண்டும் சட்டியுமா வந்து நிக்கறா. மத்ததெல்லாம் போனாப் போறது, அந்த வால் கிழிஞ்சதை மட்டும் நம்மாத்துக்குக் கொண்டுவந்துடுங்கோ. சாப்பிடக்கூடப் பிடிக்கலை நேக்கு. உங்களைத் தவிர யார்கிட்டச் சொல்லுவேன்?"

கால் செருப்பைத் திரும்ப மாட்டாமலேயே அவர் ஆற்றை நோக்கி நடந்தார்.

பஞ்சகச்சத்தோடு சேற்றில் இறங்கியவரைக் கரையெல்லாம் நின்று பார்த்தது. மடுவை அரித்துக்கொண்டிருந்த மொக்கையன் நிமிர்ந்து, "பெருசாயிருச்சு பாத்தீகளா சாமி? எம்புட்டு வேணும்னு சொல்லுங்க, நான் பிடிச்சுத் தாரேன்" என்றான். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். இதை அவர் கையால்தான் பிடிக்க வேண்டும்.

படியிலிருந்து பாலாம்பாள் பேசிக்கொண்டே இருந்தாள். அந்தக் கல்லுக்கு அடியிலே பாருங்கோ என்றாள். நேற்றுக்கூட அங்கேதான் இருந்தது என்றாள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, உங்களை எழுப்பலாமா என்று பார்த்தேன் என்றாள். கல்லுக்கடியில் விரலிடுக்கில் ஏதோ துடித்தது. சேற்றுத் தண்ணீரோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்தி எடுத்தார்.

"அதுவா? கிழிசல் இருக்கா?" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கிவிட்டாள். வழுக்க வழுக்க, மூச்சு வாங்க, பேச்சை நிறுத்தாமல் வந்தாள். கண் மட்டும் அவர் கையை விட்டு நகரவில்லை.

விஸ்வேஸ்வரன் விரலைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே அது உள்ளங்கையை முட்டி முட்டித் திரும்பியது. விரலிடுக்கு வழியே தண்ணீர் முழங்கை வரை வழிந்து, சொட்டுச் சொட்டாகச் சேற்றில் விழுந்துகொண்டிருந்தது.