ரெண்டு மணிப் பக்கம்

"ரெண்டு மணி" என்றார் பசுபதி. அப்பாவின் நாக்கடியில் மார்ஃபின் சொட்டு விட்டுக்கொண்டிருந்த பிரீத்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்பா, இட்ஸ் ஒன்லி டென்."

கால்மாட்டில் வலப்பக்கம், சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராஜலக்ஷ்மிக்குப் புரிந்தது. கணவர் சொன்னது நேரமில்லை, திசை.

ஓய்வு பெற்ற கையோடு, அவர்கள் குடியிருந்த அமெரிக்க ஊரான ஃப்ரீமான்ட்டில் தெரிந்தவர் ஒருவரும் போகாத இடத்துக்கு அவளை இழுத்துப்போனார் மனிதர். ஹவாய் போயிருக்கலாம். ஆர்க்டிக் கடலில் கப்பல் தளத்தில் மூக்கு விறைக்க நின்றார்கள். பனிக்கரடி வெள்ளையாக இருக்காது, வெண்ணெய் நிறத்தைத் தேடுங்கள், கண்டால் கத்தாதீர்கள், கப்பலின் முனையைப் பன்னிரண்டாக வைத்துக் கடிகார முள்போலத் திசை சொல்லுங்கள் என்று வழிகாட்டிப் பெண் பாடம் நடத்தியிருந்தாள். பசுபதி மனைவியின் காதோடு "ரெண்டு மணி" என்றபோது இந்த மகராசி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணுகூட ஆகல, அதுக்குள்ள பசியா?" என்று கேட்டாள். விளங்கி நிமிர்வதற்குள் கரடி பனிமேட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தக் கப்பலில் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தனியாக இருக்கும்போது மட்டும், "நீ பாத்திருக்கணும் ராஜி" என்பார்.

இப்போதும் அதே கிசுகிசுப்பு.

"தெரியுதா?"

திரும்பிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எதற்கெல்லாமோ சொன்ன பொய் இதற்கு மட்டும் வாயில் வரவில்லை.

"இல்லீங்க."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மத்தியானம் மூச்சு நின்றது.

அவரைக் கொண்டுபோன பிறகு, வாடகைக் கட்டிலை எடுக்க ஆள் வருவதாகச் சொல்லிவிட்டு பிரீத்தி ஃபோனோடு வாசலுக்குப் போனாள். ராஜலக்ஷ்மி கட்டிலில் ஏறிப் படுத்தாள். தலையணையில் அவர் தலை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. கடைசியாகக் கேட்ட ஒன்றுக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோமே. கால்மாட்டைப் பன்னிரண்டாக வைத்துக்கொண்டு, மெல்ல வலப்பக்கம் கண்ணை நகர்த்தினாள்.

அவளுடைய நாற்காலி. அதன் முதுகில் அவள் போட்டுவிட்டு வந்த சால்வை, வெள்ளைச் சுவருக்கு எதிரே வெண்ணெய் நிறத்தில் கிடந்தது. ஹீட்டர் காற்றில் அது ஏறி ஏறி இறங்கியது, மூச்சு விடுவதுபோல.

கதவு திறந்தது. "அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?" என்றாள் பிரீத்தி.

ராஜலக்ஷ்மி கண்ணை எடுக்காமல், உதட்டில் விரலை வைத்தாள்.