இஸ்கூல்

குணசுந்தரி டெலிபோனை ஒரு காதோடு அழுத்தி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். பட்டுக்கடைக்காரர் திருமலை எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். அம்மா பச்சையம்மாள் உள்ளே வராமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைப் படியிலேயே நின்றாள்.

நேற்றுக் காலைதான் தந்தி வந்தது. தான்சானியாவில் ஒரு மலையோரக் கிராமத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த தருமன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். படவேட்டில் வாத்தியாராக இருந்தவன், சாப்பாடும் தங்க இடமும் போதும் என்று இரண்டு வருடத் தொண்டுக்குக் கிளம்பினான். டைப்பிஸ்டான தங்கை குணசுந்தரிதான் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தாள். அவசரத்துக்கு என்று இந்தக் கடை நம்பரைப் போட்டதும் அவள்தான்.

"நீ அடிச்ச காயிதம்தாண்டி எம்புள்ளைய தூக்கிகினு போச்சு" என்று நேற்று ஒரு தடவை சொன்ன அம்மா, அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

கரகரப்புக்கு நடுவே ஒரு பெண்குரல் இங்கிலீஷில் கேட்டது.

"சிஸ்டர்தானே? நான் நீமா, சாருடைய மாணவி. ஆஸ்பத்திரி போனில் பேசுகிறேன். எங்கள் இஸ்கூல் மொத்தமும் வெளியே நிற்கிறது."

இஸ்கூல். குணசுந்தரி டெலிபோனை இன்னும் இறுக்கிக் காதில் வைத்தாள். தருமனுக்கு இலக்கணம் ஒருநாளும் பிசகாது. ஆனால் ஸ்கூலும் ஸ்டேஷனும் அவன் வாயில் இஸ்கூல், இஸ்டேஷன்தான். 'இத வச்சிகினு கடல் தாண்டிப் போயி சொல்லிக்குடுக்கப் போறியா நீ?' என்று எத்தனை முறை கிண்டல் செய்திருப்பாள். சிரித்துக்கொண்டே போனான். போய்ச் சொல்லியும் கொடுத்திருக்கிறான்.

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு? மண்ணு போட்டது யாருன்னு கேளு" என்றாள் அம்மா.

கேட்டாள்.

"நாங்கள் எல்லோரும்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூட ஆளுக்கு ஒரு பிடி."

குணசுந்தரி அதைத் தமிழில் சொன்னதும், அம்மா மெல்லப் படியேறி உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"கடைசியா எதனா சொன்னானாமா?"

அம்மாவின் இந்தக் கேள்வியையும் குணசுந்தரி இங்கிலீஷில் கேட்டாள். "ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார், சிஸ்டர். உங்கள் பாஷை. இங்கே யாருக்கும் புரியவில்லை. 'ஜல்தி வாம்மா, ஜல்தி வாம்மா' என்று. தண்ணீர் கேட்டாரோ? நாங்கள் தண்ணீர்தான் கொடுத்தோம். தப்பா?"

குணசுந்தரி, அம்மாவுக்கு முகம் தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"தப்பில்லை. தண்ணீர்தான் கேட்டிருக்கிறார்" என்றாள் இங்கிலீஷில். "சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள்."

அந்தப் பக்கம் அந்தப் பெண் அழத் தொடங்கியபோது லைன் அறுந்துபோனது.

"இன்னாவாம்?"

"தண்ணி கேட்டுச்சாம்மா அண்ணன். குடுத்தாங்களாம். குடிச்சிட்டு அப்படியே தூங்கிடுச்சாம்."

அம்மா மகளின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். "அவனுக்கு ஒரு சொம்பு பத்தாதே" என்றாள்.

கடையை விட்டு இறங்கியதும் அம்மா வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. தலைமுழுக ஆற்றை நோக்கி நடந்தாள். குணசுந்தரி நாலடி பின்னால் போனாள். சித்திரை வெயிலில் கமண்டல நாகநதி கரைக்குக் கரை வெறும் மணலாகக் கிடந்தது. நடுவில் ஓரிடத்தில் அம்மா மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஊற்று தோண்ட ஆரம்பித்தாள். குணசுந்தரியும் எதிரே உட்கார்ந்து மணலை அள்ளி வெளியே போட்டாள். முழங்கை ஆழம் போனதும் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. அவள் குனிந்து அள்ளப் போனாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. தெளியட்டும்."

இருவரும் தலையைக் குனிந்து குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.