நிக்காம நட

சாயங்காலம் மொட்டை மாடியில் இவர் நடக்க ஆரம்பித்தால் தெருவுக்கே கேட்கும். கையில் போன், போனில் என் மகன். ஊரடங்கு போட்டதிலிருந்து அப்பனும் பிள்ளையும் கடல் தாண்டி இப்படித்தான் சேர்ந்து நடந்தார்கள். இவர் இங்கே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, அவன் அங்கே ஒற்றை அறைக்குள் கட்டிலைச் சுற்றி. யார் முதலில் நிற்கிறாரோ அவர் தோற்றவர். விளையாட்டாம்.

இவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒழுங்கென்றால் உயிர். மகன் இருக்கிற நாட்டுச் சுகாதார அதிகாரியம்மா தினமும் டிவியில் கொரோனா கணக்குச் சொல்லும்போது வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு எதிர் மாடியில் நடக்கும் வாத்தியாரிடம் பிரசங்கம். “காய்ச்சலா, வீட்லயே கிடன்னு சொல்லிட்டான் சார், முடிஞ்சது. ஆஸ்பத்திரியில ஒருத்தன் போய்க் கூட்டம் போடறதில்ல. நம்மாளுங்க அடங்குவானுங்களா?”

அந்த வாரம் என் மகனுக்கே காய்ச்சல் வந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போய்டு கண்ணு” என்றேன். இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“மூச்சு விட முடியலன்னாதான் வரணும்னு அவங்க தெளிவா சொல்லியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சு? பேசாம ரூம்லயே இரு. நடையை மட்டும் விட்டுடாத.”

“சரிப்பா” என்றான். எப்போதும் சரிப்பாதான். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாகப் பெற்றுத் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனேன். போனில் அவனுக்கு இரைப்பது கதவருகிலேயே கேட்டது.

“ஏங்க, பிள்ளைக்கு மூச்சு வாங்குதே.”

“நடந்தா வாங்காம? இன்னிக்குத்தான் பய வேகமா நடக்கறான்.” முகத்தில் அப்படியொரு பெருமை.

போன் திரையில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “தோத்துட்டேன்ப்பா.”

“அதெல்லாம் கிடையாது. நிக்காத, நட.”

நடந்தான். என் பிள்ளை நடந்தான்.

அடுத்த நாள் அவன் போனை எடுக்கவில்லை. பக்கத்து அறைக்காரன் கதவை உடைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தானாம். உடம்பை அனுப்ப மாட்டோம் என்றார்கள். அதுவும் அந்த நாட்டு ஒழுங்கு. அவர்களே எரித்துவிட்டார்கள்.

இவர் சுருண்டு படுத்தார். சோற்றைத் தொடவில்லை. இன்று சாயங்காலம் என்ன நினைத்தாரோ, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன்.

எதிர் மாடி வாத்தியாருக்கு விஷயம் தெரியாது. “என்ன சார், ஆளையே காணோம்? அங்க நிலவரம் எப்படி?” என்று கையை ஆட்டினார்.

“கம்மியாயிட்டு வருது சார்” என்றார் இவர். பழக்கதோஷம்.

சொன்ன பிறகுதான் உறைத்தது போல. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. ஒரு கையை என் பக்கம் நீட்டினார். பிடித்திருக்கலாம்தான்.

“நிக்காதீங்க” என்றேன். “நடங்க.”

என்னையே பார்த்தார். பிறகு நடந்தார், தொட்டியைச் சுற்றி. போன் கீழே மேஜையில் கிடந்தது. கை மட்டும் பழையபடி முகத்துக்கு நேரே உயர்ந்திருந்தது.